பகுதி மாற்றிய முழங்கால் எத்தனை ஆண்டு தாங்கும்?



"டாக்டர், இது எத்தனை வருஷம் தாங்கும்?" முழங்கால் வலியோடு வருகிறவர்கள் என்னிடம் அதிகம் கேட்பது இதைத்தான். வலி போகுமா என்று கேட்பதற்கு முன்பே பலர் இதைக் கேட்டுவிடுகிறார்கள். நியாயமான கேள்வி. பெரிய செலவு, பிள்ளைகள் லீவு போட்டுக்கொண்டு வந்து பார்த்துக்கொள்ள வேண்டும், உடம்புக்குள் ஓர் உலோகத்தை வைத்துக்கொண்டு மீதிக் காலத்தைக் கழிக்க வேண்டும். பகுதி மூட்டு மாற்று என்று நான் சொல்லிவிட்டால் கேள்வி இன்னும் கூர்மையாகிறது. "பாதிதான் மாத்துறீங்க, மீதிப் பாதி தேஞ்சுபோனா மறுபடியும் வரணுமா?" என்கிறார்கள்.

இன்றைய பேச்சு முழுக்க இந்தக் கேள்வியைப் பற்றித்தான். அதற்கு எண்களில் பதில் இருக்கிறது. உலகின் பல நாடுகளில் பல பத்தாண்டுகளாகக் கணக்கு எழுதி வைத்திருக்கிறார்கள். ஆனால் அந்த எண்களை எப்படி வாசிப்பது என்று தெரியாமல் வாசித்தால் தவறான முடிவுக்கே போய்ச் சேருவோம். நோயாளிகள் மட்டுமல்ல, மருத்துவர்களும் அப்படிப் போய்ச் சேர்ந்திருக்கிறார்கள். அதைத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும் என்றுதான் இந்த அழைப்பை ஏற்றுக்கொண்டேன்.

முழங்காலுக்குள் மூன்று அறைகள் இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். தொடை எலும்பும் கீழ்க்கால் எலும்பும் சந்திக்கும் இடத்தில் உள்பக்கம் ஒன்று, வெளிப்பக்கம் ஒன்று. முன்னால் முட்டிச் சில்லு உரசும் இடம் மூன்றாவது. நடுவில் இரண்டு சிலுவைத் தசைநார்கள் குறுக்கும் மறுக்குமாக ஓடுகின்றன. ஜவ்வு என்று நாம் பொதுவாகச் சொல்கிறோமே, அதில் இவையும் அடக்கம். கால் மடங்கும்போது எந்த எலும்பு எவ்வளவு உருள வேண்டும், எவ்வளவு வழுக்க வேண்டும் என்பதை இவைதான் நடத்துகின்றன. முழு மூட்டு மாற்றில் மூன்று அறைகளின் பரப்பையும் செதுக்கி உலோகமும் பிளாஸ்டிக்கும் பொருத்துகிறோம். அப்போது முன் சிலுவைத் தசைநாரை எடுத்துவிடுகிறோம். பல வடிவமைப்புகளில் பின்னாலுள்ளதும் போய்விடும். பகுதி மூட்டு மாற்றில் தேய்ந்த ஓர் அறையை மட்டும் மாற்றுகிறோம். தசைநார்கள், மற்ற இரண்டு அறைகள் எல்லாம் அவரவருடையவையாகவே இருக்கும்.

தேய்மானம் பலருக்கு உள்பக்க அறையில்தான் தொடங்குகிறது. அதுவும் அந்த அறையின் முன்பகுதியில். 1990-களின் தொடக்கத்தில் ஆக்ஸ்ஃபோர்டு மருத்துவர்கள், அறுவை சிகிச்சையில் வெட்டி எடுத்த எலும்புத் தகடுகளை வரிசையாக வைத்துப் பார்த்தார்கள். முன்பக்கமும் நடுவும் குருத்தெலும்பு போய் தந்தம்போல் வழவழவென்று இருந்தன. பின்பக்கத்தில் குருத்தெலும்பு அப்படியே இருந்தது. முன் சிலுவைத் தசைநார் உயிரோடு இருக்கிற வரை தேய்மானம் அந்த எல்லையைத் தாண்டுவதில்லை என்பதுதான் அதிலிருந்து கிடைத்த பாடம். தசைநார் அறுந்துபோனால் தொடை எலும்பு பின்னால் நழுவுகிறது. தேய்மானமும் பின்னால் பரவுகிறது. கால் வளைவு நிரந்தரமாகிவிடுகிறது. பகுதி மாற்று யாருக்கு நீண்ட காலம் உழைக்கும் என்ற கேள்விக்குப் பாதிப் பதில் இந்தத் தசைநாரிலேயே இருக்கிறது.

இந்தச் சிகிச்சைக்கு ஒரு நீண்ட வரலாறு உண்டு. 1960-களின் இறுதியில் ஜெர்மனியின் ஹாம்பர்க் நகரிலும், 1970-களின் தொடக்கத்தில் அமெரிக்காவில் லியோனார்டு மார்மோர் என்ற மருத்துவரும் ஒரு பக்கத்தை மட்டும் மாற்றும் கருவிகளைப் பொருத்தத் தொடங்கினார்கள். அந்தப் பத்தாண்டின் முடிவில் நியூயார்க்கின் ஜான் இன்சால் தன் நோயாளிகளின் முடிவுகளை வெளியிட்டார். அவை ஏமாற்றம் தருபவையாக இருந்தன. இன்சால் சாதாரண ஆள் இல்லை. இன்று நாம் பொருத்தும் முழு மூட்டின் வடிவத்துக்கு அடித்தளம் போட்டவர்களில் ஒருவர். அவர் சொன்னால் உலகம் கேட்டது. பகுதி மாற்றை ஏராளமானோர் கைவிட்டார்கள்.

ஆக்ஸ்ஃபோர்டில் இரண்டு பேர் கைவிடவில்லை. ஒருவர் ஜான் குட்ஃபெலோ, அறுவை மருத்துவர். மற்றவர் ஜான் ஓ'கானர், பொறியாளர். 1974-இல் அவர்கள் வடிவமைத்த மூட்டில் தொடை எலும்புக்கு உருண்டையான உலோகம், கீழ்க்கால் எலும்புக்குத் தட்டையான உலோகம், இரண்டுக்கும் நடுவே எதிலும் பூட்டப்படாத ஒரு பிளாஸ்டிக் துண்டு. கால் மடங்க மடங்க அந்தத் துண்டும் முன்னும் பின்னும் நகரும். இயற்கையில் அந்த இடத்தில் இருக்கும் பிறை வடிவ ஜவ்வு செய்கிற வேலை அது. அந்தத் துண்டைக் கையில் எடுத்துப் பார்த்தால் வியப்பாக இருக்கும்: சிறு பிஸ்கட் அளவு, மிக மெல்லிய இடத்தில் மூன்று நான்கு மில்லிமீட்டர்தான் கனம். மேல்பக்கம் குழிந்திருக்கும், கீழ்ப்பக்கம் தட்டை. இவ்வளவு மெல்லிய பிளாஸ்டிக்கின் மேல் ஒரு மனிதரின் எடை முழுவதும் எப்படி இருபது ஆண்டுகள் ஏறி இறங்கும் என்றுதான் தோன்றும். மேலேயும் கீழேயும் உலோகத்தோடு முழுப் பரப்பும் பொருந்தியிருப்பதால் பாரம் ஒரு புள்ளியில் விழாமல் பரவிவிடுகிறது. பல ஆண்டுகள் உழைத்த துண்டுகளை எடுத்து அளந்து பார்த்தபோது தேய்மானம் ஆண்டுக்கு 0.02, 0.03 மில்லிமீட்டர் அளவில்தான் இருந்தது. நூறு ஆண்டுகளுக்கு மூன்று மில்லிமீட்டர். பிளாஸ்டிக் தேய்ந்துபோய்விடும் என்ற பயம் இந்த வடிவமைப்பைப் பொறுத்தவரை அடிபட்டுப்போனது அப்படித்தான்.

1982 முதல் இதை உள்பக்க அறைக்குப் பொருத்தலானார்கள். 1998-இல் அவர்களே வெளியிட்ட கணக்கில் பத்தாண்டுகளில் 98 விழுக்காடு மூட்டுகள் மறு அறுவை சிகிச்சை இல்லாமல் இருந்தன. கண்டுபிடித்தவர்களே தங்கள் கண்டுபிடிப்பைப் பாராட்டிக்கொள்கிறார்கள் என்று அப்போது பலரும் சொன்னார்கள். அப்படிச் சந்தேகப்படுவது ஆரோக்கியமானதுதான். அந்தச் சந்தேகத்தைத் தீர்த்தது ஸ்வீடன்.

ஸ்வீடனில் 1975-இலேயே முழங்கால் மூட்டுகளுக்கென்று தேசியப் பதிவேடு தொடங்கிவிட்டார்கள். எந்த ஊர் மருத்துவமனையில் யாருக்குப் பொருத்தினாலும் அதில் ஏறிவிடும். பிறகு அதை எடுத்தாலும் ஏறும். 1995-இல் அங்கிருந்து வந்த ஆய்வு ஆக்ஸ்ஃபோர்டு மூட்டுக்குச் சாதகமாக இல்லை. பல மருத்துவமனைகளில் முதல் சில ஆண்டுகளிலேயே அந்தப் பிளாஸ்டிக் துண்டு நழுவி வெளியே வந்திருந்தது. ஆனால் அதே ஸ்வீடனில் ஷோவ்டே என்ற சிறு நகரத்து மருத்துவமனை 2001-இல் தன் கணக்கை வெளியிட்டது: பத்தாண்டில் 95 விழுக்காடு. 2011-இல் அதே மருத்துவமனையின் நோயாளிகளை இன்னும் நீண்ட காலம் தொடர்ந்து பார்த்து வெளியிட்டார்கள்: இருபது ஆண்டில் 91 விழுக்காடு. அந்த மருத்துவர்கள் இந்த மூட்டைக் கண்டுபிடித்தவர்கள் அல்லர். முறையாகக் கற்றுக்கொண்டு, நோயாளிகளைக் கவனமாகத் தேர்ந்தெடுத்து, தொடர்ந்து செய்தவர்கள். ஒரே நாடு, ஒரே கருவி, அதே பதிவேடு. ஆனால் செய்த இடத்தைப் பொறுத்து முடிவு மாறியிருந்தது.

இப்போது 2019-க்கு வருவோம். அந்த ஆண்டு 'லான்செட்' இதழ், மூட்டுகள் எவ்வளவு காலம் தாங்குகின்றன என்று தேசியப் பதிவேடுகளைத் திரட்டி ஓர் ஆய்வை வெளியிட்டது. 25 ஆண்டு கழித்து முழு மூட்டுகளில் நூற்றுக்கு 82 அப்படியே இருந்தன. பகுதி மூட்டுகளில் 70. பதினைந்தாம் ஆண்டில் 93-க்கு 77. இருபதாம் ஆண்டில் 90-க்கு 72. நாளிதழ்களில் வந்த செய்தியும் இதுதான். இதை வாசித்துவிட்டு என்னிடம் வந்தவர்கள் உண்டு. "அப்போ முழுசா மாத்திடுங்க டாக்டர், ஒரே தடவையா முடிஞ்சிடும்" என்று சொன்னார்கள்.

அவசரப்பட வேண்டாம். இந்த எண் எதை எண்ணுகிறது என்று பாருங்கள். மூட்டை எடுத்து வேறு மூட்டு வைத்தால் அது தோல்வி. வைக்கவில்லை என்றால் வெற்றி. நோயாளிக்கு வலி இருக்கிறதா, மாடிப்படி ஏற முடிகிறதா என்பது பதிவேட்டின் இந்தக் கணக்கில் வராது.

ஒரு முழு மூட்டு நோயாளியை நினைத்துப் பாருங்கள். அறுவை சிகிச்சை முடிந்து இரண்டு ஆண்டு. வலி குறையவில்லை. எக்ஸ்-ரேயில் எல்லாம் சரியாக இருக்கிறது. மருத்துவர் என்ன செய்வார்? முழு மூட்டை எடுத்து மறுபடி வைப்பது பெரிய வேலை. எலும்பு இழப்பாகும், எலும்பின் நடுக்குழலுக்குள் நீண்ட தண்டுகள் இறக்க வேண்டியிருக்கும், கிருமித்தொற்று அபாயம் கூடும், முடிவு நன்றாக வரும் என்ற உறுதியும் கிடையாது. ஆகவே "மாத்திரை போடுங்க, பிசியோதெரபி செய்யுங்க, பொறுத்துக்குங்க" என்று சொல்லி அனுப்பிவிடுவார். அவர் சொல்வதில் தவறும் இல்லை. முழு மூட்டு மாற்றியவர்களில் ஐந்தில் ஒருவர் வரை முழு நிறைவு அடைவதில்லை என்று பல ஆய்வுகள் சொல்கின்றன. அவர்களில் பெரும்பாலோர் பதிவேட்டில் 'தாங்கிய மூட்டு' வரிசையில்தான் நிற்கிறார்கள்.

அதே அளவு வலியோடு ஒரு பகுதி மூட்டு நோயாளி வருகிறார். மருத்துவர் கையில் ஒரு வழி இருக்கிறது. "முழுசா மாத்திடலாம்" என்று சொல்லிவிடலாம். நோயாளியும் ஒப்புக்கொள்வார். பதிவேட்டில் அது தோல்வி.

இது என் ஊகமல்ல. நியூசிலாந்துப் பதிவேட்டில் மறு அறுவைக் கணக்கோடு நோயாளிகளே நிரப்பும் ஆக்ஸ்ஃபோர்டு முழங்கால் மதிப்பெண்ணும் இருக்கிறது. பன்னிரண்டு கேள்விகள்: இரவில் வலிக்கிறதா, நாற்காலியிலிருந்து எழ முடிகிறதா, கடைக்குப் போய்வர முடிகிறதா, மண்டியிட முடிகிறதா என்று. முழு மதிப்பெண் 48. குட்ஃபெலோவும் ஓ'கானரும் டேவிட் மரே என்ற மருத்துவரும் 2010-இல் அந்தத் தரவை எடுத்துப் பார்த்தார்கள். மதிப்பெண் 20-க்கும் கீழே போனவர்கள், அதாவது மிக மோசமான நிலையில் இருந்தவர்கள். அவர்களில் முழு மூட்டு வைத்திருந்தவர்களில் மறு அறுவை செய்யப்பட்டது சுமார் 12 விழுக்காடு. பகுதி மூட்டு வைத்திருந்தவர்களில் சுமார் 63 விழுக்காடு. அதே வலி, அதே முடக்கம். ஒருவருக்கு ஐந்து மடங்கு அதிகமாக அறுவை. இது தெரிந்த பிறகு 82, 70 என்ற இரண்டு எண்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒப்பிட எனக்கு மனம் வருவதில்லை. இரண்டும் ஒரே பொருளை அளக்கவில்லை.

இன்னொரு பக்கம் உயிர். 2014-இல் இங்கிலாந்து, வேல்ஸ் பதிவேட்டிலிருந்து ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட நோயாளிகளை வயது, உடல்நிலை எல்லாம் பொருத்தி ஒப்பிட்டார்கள். பகுதி மூட்டில் மறு அறுவை இரண்டு மடங்குக்குச் சற்று மேல். ஆனால் மாரடைப்பு, பக்கவாதம், ரத்தக்கட்டு, ரத்தம் ஏற்றும் தேவை, மருத்துவமனையில் தங்கும் நாட்கள், மரணம் ஆகிய எல்லாமே குறைவு. முழு மூட்டு வைக்கப்பட்ட நூறு பேருக்கு அதற்குப் பதிலாகப் பகுதி மூட்டு வைத்திருந்தால், முதல் நான்கு ஆண்டுகளில் ஏறத்தாழ ஒரு மரணம் குறையும், மூன்று மறு அறுவைகள் கூடும் என்று அவர்களே கணக்கிட்டுச் சொன்னார்கள். எழுபது வயதில் இதய நோயோடு இருக்கும் ஒருவருக்கு எது முக்கியம் என்று நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. ஐம்பது வயதில் ஓடியாடி வேலை செய்யும் ஒருவருக்குக் கணக்கு வேறாக இருக்கலாம்.

ஐம்பது வயது என்றதும் இதையும் சொல்லிவிடுகிறேன். முழு மூட்டு வாழ்நாள் முழுக்கத் தாங்கும் என்ற நம்பிக்கையும் வயதைப் பொறுத்தது. 2017-இல் வெளியான பிரிட்டன் ஆய்வு ஒன்றில், எழுபதுக்கு மேல் மூட்டு மாற்றியவர்களுக்கு வாழ்நாளில் மறு அறுவை வரும் வாய்ப்பு நூற்றுக்கு 5 அளவில்தான். ஐம்பதுகளின் தொடக்கத்தில் மாற்றிக்கொண்ட ஆண்களுக்கு அது 35. முழு மூட்டுக்கே இந்தக் கதி. இளம் வயதில் "ஒரே தடவையா முடிஞ்சிடும்" என்பதற்கு எந்த மூட்டும் உத்தரவாதம் தராது.

நேருக்கு நேர் ஒப்பிடும் சோதனையும் நடந்திருக்கிறது. பிரிட்டனில் 27 மருத்துவமனைகளில் 528 நோயாளிகளைக் குலுக்கல் முறையில் பிரித்து, பாதிப் பேருக்கு ஒன்று, பாதிப் பேருக்கு மற்றது என்று செய்தார்கள். உள்பக்க அறை மட்டும் தேய்ந்தவர்கள் எல்லோரும். ஐந்தாண்டு முடிவு 2019-இல் வந்தது. முழங்கால் மதிப்பெண்ணில் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. மறு அறுவை எண்ணிக்கையிலும் பெரிய இடைவெளி இல்லை. செலவு பகுதி மூட்டில் குறைவு. பழகிய கைகளிடம் ஒப்படைத்தால் பதிவேட்டின் பெரிய இடைவெளி சுருங்கிவிடுகிறது என்பதற்கு எனக்குத் தெரிந்த மிக நல்ல சான்று அதுதான்.

பழகிய கை என்றால் என்ன? ஆண்டுக்கு ஒன்றிரண்டு பகுதி மாற்று செய்பவரின் முடிவும், தான் செய்யும் முழங்கால் மாற்றுகளில் ஐந்தில் ஒன்றாவது பகுதி மாற்றாகச் செய்பவரின் முடிவும் ஒன்றாக இருப்பதில்லை. இங்கிலாந்துத் தரவில் இது தெளிவாகத் தெரிந்தது. அந்த அளவுக்குக் கீழே செய்பவர்களிடம் மறு அறுவை கிடுகிடுவென ஏறுகிறது. ஸ்வீடன் தரவும் 2001-இலேயே இதைத்தான் சொன்னது: அதிகம் செய்யும் மருத்துவமனைகளில் தோல்வி குறைவு. காரணம் கைத்திறன் மட்டுமல்ல. அரிதாகச் செய்பவர், "இவருக்கு லேசான தேய்மானம்தானே, சின்ன ஆபரேஷன் போதும்" என்று தப்பான ஆளைத் தேர்ந்தெடுக்கிறார்.

இங்கேதான் நான் மிகவும் வற்புறுத்த விரும்பும் செய்தி இருக்கிறது. பகுதி மூட்டு மாற்று என்பது ஆரம்பநிலைத் தேய்மானத்துக்கான சின்ன சிகிச்சை அல்ல. அந்த ஓர் அறையில் எலும்போடு எலும்பு ஒட்டி நிற்கும் அளவுக்குத் தேய்ந்திருக்க வேண்டும். படுக்க வைத்து எடுத்த எக்ஸ்-ரேயில் இது தெரியாது. நிற்க வைத்து எடுக்க வேண்டும். எம்ஆர்ஐ ஸ்கேனில் ஏதோ குறை தெரிகிறது, வலியும் இருக்கிறது, ஆனால் எக்ஸ்-ரேயில் இடைவெளி இன்னும் இருக்கிறது என்ற நிலையில் பகுதி மூட்டு வைத்தவர்களில் பலர் வலி தீராமல் திரும்பி வருகிறார்கள் என்று பல ஆய்வுகள் காட்டுகின்றன. அவர்களுடைய வலிக்குக் காரணம் வேறெங்கோ இருந்திருக்கும். முன்கூட்டியே செய்துவிட்டால் நல்லது என்று யாராவது சொன்னால் தயவுசெய்து நம்பாதீர்கள்.

யாருக்குக் கூடாது என்பதில் பழைய கட்டுப்பாடு ஒன்று உண்டு. 1989-இல் கோசின், ஸ்காட் என்ற இரண்டு அமெரிக்க மருத்துவர்கள், அறுபது வயதுக்கு மேல் இருக்க வேண்டும், எடை 82 கிலோவுக்குள் இருக்க வேண்டும், கடினமான உடலுழைப்பு கூடாது என்றெல்லாம் வரையறுத்தார்கள். அவர்கள் காலத்துக் கருவிகளுக்கு அது பொருத்தமாக இருந்திருக்கலாம். ஆக்ஸ்ஃபோர்டு நோயாளிகளில் இந்த எல்லைகளைத் தாண்டியவர்களைத் தனியே பிரித்துப் பார்த்தபோது அவர்களுடைய முடிவு மற்றவர்களைவிட மோசமாக இல்லை. இன்று நான் முதலில் பார்ப்பது எடையை அல்ல. சிலுவைத் தசைநார் இருக்கிறதா, வெளிப்பக்க அறை நன்றாக இருக்கிறதா, எலும்போடு எலும்பு ஒட்டியிருக்கிறதா, கால் வளைவைக் கையால் அழுத்தினால் சரியாகிறதா என்பதைத்தான். முடக்குவாதத்தால், அதாவது ருமட்டாய்டு நோயால் மூட்டு கெட்டவர்களுக்கு இது வேண்டாம். அந்த நோய் மூட்டு முழுவதையும் தாக்குவது.

இனி, காலப்போக்கில் எதெது கெடுகிறது? ஆக்ஸ்ஃபோர்டில் ஆயிரம் முழங்கால்களைப் பதினைந்து ஆண்டுவரை தொடர்ந்து பார்த்த கணக்கு 2015-இல் வந்தது. பத்தாண்டில் 94, பதினைந்தாண்டில் 91 விழுக்காடு தாங்கியிருந்தன. மறு அறுவைக்கு முதல் காரணம் வெளிப்பக்க அறையில் தேய்மானம் வந்தது; ஆயிரத்தில் 25 முழங்கால்கள். பிளாஸ்டிக் நழுவியது ஆயிரத்தில் ஏழு. காரணம் தெரியாத வலிக்காக மாற்றியது ஏழு. "மீதிப் பாதி தேஞ்சா?" என்று கேட்கிறீர்களே, அதற்கு இந்த 25 என்ற எண்தான் பதில். தேயலாம், ஆனால் நீங்கள் பயப்படுகிற அளவுக்குப் பெரும்பாலானோருக்குத் தேய்வதில்லை. கால் வளைவை அளவுக்கு மீறி நிமிர்த்திவிட்டால் பாரம் வெளிப்பக்கம் போய் அந்த அறை சீக்கிரம் கெடும். ஆகவே இந்த அறுவையில் காலை முழு நேராக்குவது நோக்கமே அல்ல. தேய்மானம் வருவதற்கு முன் இருந்த வளைவுக்குத் திருப்புவதுதான். அறுவைக்குப் பிறகு கண்ணாடி முன் நின்று "இன்னும் லேசா வளைஞ்சிருக்கே" என்று வருந்துகிறவர்களுக்கு இதை நான் அடிக்கடி சொல்ல வேண்டியிருக்கிறது.

எக்ஸ்-ரே பற்றி ஒரு வார்த்தை, ஏனென்றால் இதனால் தேவையில்லாத அறுவைகள் நடந்திருக்கின்றன. சிமென்ட் வைத்துப் பொருத்திய கீழ்த் தட்டுக்கு அடியில், எலும்புக்கும் சிமென்ட்டுக்கும் இடையே, மெல்லிய கறுப்புக் கோடு ஒன்று பலருக்குத் தெரியும். இரண்டு மில்லிமீட்டருக்கும் குறைவான அகலம், ஓரத்தில் வெள்ளையான எல்லைக்கோடு, ஆண்டுக்கணக்கில் பார்த்தாலும் அகலமாகாது. இது தட்டு கழன்றதற்கு அடையாளம் அல்ல. வலிக்கும் இதற்கும் தொடர்பும் இல்லை. ஆனால் பழக்கமில்லாத கண்ணுக்குத் தட்டு கழன்றுவிட்டது போலத் தோன்றும். பகுதி மூட்டு வைத்து ஓராண்டு கூட ஆகாமல் வலி என்று வேறிடம் போய், இந்தக் கோட்டைக் காட்டி "லூஸ் ஆயிடுச்சு" என்று சொல்லப்பட்டு முழு மூட்டுக்கு மாறியவர்களைப் பார்த்திருக்கிறேன். முதல் ஓராண்டு வலி, குறிப்பாகக் கீழ்க்கால் எலும்பின் உள்பக்கத்து வலி, பலருக்குத் தானாகவே அடங்குகிறது. அதுவரை பொறுப்பதில் நஷ்டம் இல்லை. சிமென்ட் இல்லாமல் எலும்பே வளர்ந்து பற்றிக்கொள்ளும் வகையில் இந்தக் கோடு மிகக் குறைவு. பிரிட்டன் பதிவேட்டில் பத்தாண்டு முடிவும் சிமென்ட் வகையைவிடச் சற்று மேலாகவே இருக்கிறது.

பகுதியிலிருந்து முழுமைக்கு மாறுவது சுலபம் என்று விளம்பரங்களில் சொல்கிறார்கள். அதை நான் அப்படியே வழிமொழிய மாட்டேன். எலும்பு அதிகம் போகாத சமயத்தில் செய்தால் முதல்முறை முழு மூட்டு வைப்பது போலவே முடிந்துவிடும். ஆனால் நியூசிலாந்துப் பதிவேட்டில் 2010-இல் பார்த்தபோது, பகுதியிலிருந்து முழுமைக்கு மாறியவர்களுக்கு மீண்டும் ஓர் அறுவை தேவைப்பட்டது, முதல்முறையே முழு மூட்டு வைத்தவர்களைவிட நான்கு மடங்கு. ஆகவே வலி என்றாலே மாற்றிவிடலாம் என்ற எண்ணம் நோயாளிக்கும் வேண்டாம், மருத்துவருக்கும் வேண்டாம். காரணம் என்னவென்று கண்டுபிடித்த பிறகே கத்தியை எடுக்க வேண்டும்.

நம் வீடுகளுக்கு வருவோம். தரையில் சம்மணம் போட்டு உட்காருகிறோம், பூஜைக்கு, பந்திக்கு, பேரப்பிள்ளையைக் குளிப்பாட்ட. கிராமத்தில் இன்னும் குந்தி உட்காரும் கழிவறைதான். தொழுகையில் மண்டியிட வேண்டும். பகுதி மூட்டில் தசைநார்கள் இருப்பதால் மடக்கம் பொதுவாக நன்றாகவே கிடைக்கிறது. "என் கால் மாதிரியே இருக்கு" என்று சொல்கிறவர்கள் இவர்களில்தான் அதிகம். ஆனால் ஓர் எச்சரிக்கை. கொரியாவிலும் ஜப்பானிலும், தரையில் வாழும் மக்களிடையே, நகரும் பிளாஸ்டிக் துண்டு நழுவுவது ஐரோப்பாவைவிட அதிகம் என்று அங்குள்ள மருத்துவர்கள் எழுதியிருக்கிறார்கள். முழுதாக மடக்கி, பாதத்தைத் திருப்பி உட்காரும்போது அதற்கு வாய்ப்பு கூடுகிறது. இதனால் நம்மூரில் சிலர் பூட்டப்பட்ட பிளாஸ்டிக் உள்ள வகையைத் தேர்ந்தெடுக்கிறார்கள். அதற்கும் நல்ல நீண்டகால முடிவுகள் உண்டு. அதில் நழுவல் இல்லை, தேய்மானம் சற்றுக் கூடுதல். எதை வைத்தாலும், தினமும் குந்துவதை நான் ஊக்குவிப்பதில்லை. மேலை நாட்டுக் கழிவறை ஒன்றை அறுவைக்கு முன்பே கட்டிவிடச் சொல்கிறேன்.

நம் ஊரின் இன்னொரு பிரச்சினை தாமதம். கால் நன்றாக வில்லாக வளைந்து, தசைநாரும் போன பிறகுதான் பலர் வருகிறார்கள், பெண்கள் குறிப்பாக. "வீட்டு வேலையை யார் பாக்குறது?" என்று ஆண்டுக்கணக்கில் தள்ளிப்போட்டிருப்பார்கள். அந்த நிலையில் பகுதி மூட்டுக்கு வழியே இல்லை. ஆகவே சீக்கிரம் அறுவை செய்துகொள்ளச் சொல்லவில்லை; சீக்கிரம் காட்டச் சொல்கிறேன். எந்த அறையில், எந்த நிலையில் இருக்கிறது என்று தெரிந்துவிட்டால் காத்திருக்கலாம். தசைநார் போகும்முன் முடிவெடுக்கலாம். அம்மாவை அழைத்துக்கொண்டு வரும் மகன், மகள்களுக்கு இதைத் தனியாகச் சொல்கிறேன்: அம்மாக்கள் தங்கள் வலியைப் பாதியாகக் குறைத்துத்தான் சொல்கிறார்கள்.

ரோபோ பற்றிக் கேட்பீர்கள். எலும்பைத் திட்டமிட்ட இடத்தில் வெட்ட ரோபோ உதவுகிறது, அதில் சந்தேகமில்லை. ஆனால் இருபது ஆண்டு கழித்து என்ன ஆகும் என்று சொல்ல அந்த நோயாளிகளில் பெரும்பாலோருக்கு இன்னும் இருபது ஆண்டு ஆகவில்லை. சரியான ஆளைத் தேர்ந்தெடுப்பதை ரோபோ செய்யாது.

மருத்துவரிடம் என்ன கேட்க வேண்டும்? நீங்கள் செய்யும் முழங்கால் மாற்றுகளில் எத்தனைக்கு ஒன்று பகுதி மாற்று என்று கேளுங்கள். கேட்டால் கோபித்துக்கொள்வாரோ என்று தயங்க வேண்டாம். அதிகம் செய்பவருக்கு அந்தக் கேள்வி பிடிக்கும். என் எக்ஸ்-ரேயில் எலும்போடு எலும்பு ஒட்டியிருப்பதைக் காட்டுங்கள் என்று கேளுங்கள். முன் சிலுவைத் தசைநார் நன்றாக இருக்கிறது என்று எதை வைத்துச் சொல்கிறீர்கள் என்று கேளுங்கள். உள்ளே திறந்து பார்த்துத் தசைநார் இல்லை என்று தெரிந்தால் அந்த மேசையிலேயே முழு மூட்டுக்கு மாறத் தயாராக இருக்கிறீர்களா என்பதும் முக்கியமான கேள்வி. அதற்கான கருவிகள் அன்று அறையில் இருக்க வேண்டும். வெளிப்பக்க அறையையோ முட்டிச் சில்லின் அறையையோ மட்டும் மாற்றுவதும் உண்டு. அவை அரிது, முடிவுகளும் வேறு. இன்று நான் சொன்ன எண்களை அவற்றுக்குப் பொருத்திப் பார்க்காதீர்கள்.

செய்துகொண்டவர்கள் இந்த அரங்கில் சிலர் இருக்கிறீர்கள் என்று தெரியும். உங்களுக்கு: மூட்டில் திடீரென்று வீக்கம், காய்ச்சல், அல்லது பல்லிலோ சிறுநீரிலோ தொற்று வந்து அதையொட்டி முழங்கால் வலி என்றால் அன்றே வாருங்கள். நடக்கும்போது டக்கென்று பூட்டிக்கொண்டு மடக்க முடியவில்லை என்றால் பிளாஸ்டிக் நழுவியிருக்கலாம், அதுவும் அன்றே. மற்றபடி ஆண்டுக்கு ஒருமுறையோ இரண்டு ஆண்டுக்கு ஒருமுறையோ ஓர் எக்ஸ்-ரே போதும், பழைய படங்களையும் எடுத்து வாருங்கள். ஒரே படத்தை வைத்து எதுவும் சொல்ல முடியாது, ஒன்றோடு ஒன்றை ஒப்பிட்டால்தான் தெரியும். கடைசியாக ஒன்று. அறுவையின்போது பொருத்திய ஒவ்வொரு பாகத்தின் பெட்டியிலும் ஒரு ஸ்டிக்கர் இருக்கும். நிறுவனத்தின் பெயர், அளவு, தொகுதி எண் எல்லாம் அதில் இருக்கும். மருத்துவமனைக் கோப்பில் ஒட்டுவார்கள். டிஸ்சார்ஜ் ஆகும்போது அதன் நகலைக் கேட்டு வாங்கி, வீட்டுப் பத்திரங்களோடு வையுங்கள். பதினைந்து ஆண்டு கழித்து உங்களைப் பார்க்கப்போகும் மருத்துவர் நானாக இருக்க மாட்டேன். உள்ளே இருப்பது எந்த மூட்டு, எந்த அளவு என்று அவருக்கு அந்தத் தாள்தான் சொல்லும். பிளாஸ்டிக் துண்டை மட்டும் மாற்றினால் போதும் என்ற நிலை வந்தால், அதே அளவுத் துண்டை முன்கூட்டியே வரவழைத்து வைத்துவிட்டு அவர் அறுவையைத் தொடங்க முடியும்.

உங்கள் கேள்விகளை இனிக் கேட்கலாம்.